பதினோராம் வீட்டுப் புகைபோக்கி

மாடிப்படி வாசலில் ஒட்டியிருந்த தாளில் பதினோராம் எண்ணுக்கு எதிரே மட்டும் நீல மை இருந்தது.

செலினா ரொட்டிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அதை மறுபடி படித்தாள். குளிர்காலத்துக்கு முன்பான வருடாந்தரப் பரிசோதனை: புகைபோக்கி, கேஸ் பாய்லர், வென்டிலேட்டர். வியாழக்கிழமை பத்து மணி முதல். வீட்டில் யாராவது இருக்க வேண்டும். கீழே பன்னிரண்டு வீடுகளின் எண்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். முதல் ஆறு கட்டங்களில் புகைபோக்கிக்காரர் பென்சிலால் குறி போட்டிருந்தார். மற்றவை காலி. பதினொன்றில் மட்டும், ‘பார்த்தாயிற்று, எல்லாம் சரி’ என்று நீல மையில் எழுதி, கீழே ஒரு வளைந்த கையெழுத்து.

அந்த வளைவு அவளுக்குத் தெரியும். பதினோரு மாதங்களுக்கு முன் பதிவு அலுவலகத்தில் தன் பெயருக்குப் பக்கத்தில் அது விழுந்தபோது, நாற்பத்தொரு வயதில் இனி எனக்கென்று ஒருவன் என்று நினைத்து எல்லோர் முன்னிலையிலும் அழுதவள் அவள்.

ஆனால் வீட்டுக்கு யாரும் வந்திருக்க முடியாது. அவள் நாலரைக்கே பேக்கரிக்குப் போய்விட்டாள். டிராம் ஓட்டும் கணவன் வித்தோல்ட் ஐந்து மணிக்கு டிப்போவுக்குக் கிளம்பியிருப்பான். மாலை ஆறுக்குத்தான் வருவேன் என்று நேற்று இரவே சொல்லியிருந்தான்.

மேலே இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஏறிப் போனாள். இரண்டாம் மாடியில் எட்டாம் வீட்டு வலேரியா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கையில் குட்டைக்கால் நாயும் மறு கையில் தன் சட்டைப் பொத்தானுமாக நின்றிருந்தாள். எதிரே கறுப்பு உடையில், தோளில் கயிற்றுச் சுருளும் அதன் நுனியில் இரும்புக் குண்டுமாகப் புகைபோக்கிக்காரர் யூலியான்.

“நீயும் ஒரு பொத்தானைப் பிடிச்சுக்கோ செலினா. இவரைப் பாத்ததும் பிடிச்சா அந்த வருஷம் பூரா அதிர்ஷ்டம்” என்றாள் வலேரியா.

“பிடிங்க, பிடிங்க. என் பொண்டாட்டி இருபத்தாறு வருஷமா என் பொத்தானைத் தைச்சுத் தைச்சே விரல் தேஞ்சுபோச்சு. அதிர்ஷ்டம் இன்னும் டிராம்ல வந்துக்கிட்டே இருக்குங்கறா” என்றார் அவர்.

செலினாவும் சிரிக்கப் பார்த்தாள். நெற்றிப்பொட்டில் அந்தப் பழைய வலி துடித்தது. குளிர் தொடங்கி பாய்லரை ஏற்றிய நாளிலிருந்து, மூன்று வாரமாக, அது அவளை விடவில்லை.

“பதினோராம் வீட்டைப் பாத்துட்டீங்களா?”

“அது முடிஞ்சுதேம்மா. உங்க வீட்டுக்காரர்தானே கையெழுத்துப் போட்டாரு.”

“நீங்க உள்ள வந்து பாத்தீங்களா?”

யூலியான் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினார். “வரலை. நான் ஒன்பது மணிக்கு வந்து கீழ அந்தத் தாளைப் பாத்துக்கிட்டிருந்தேன். அவரு யூனிஃபார்மோட ஓடி வந்தாரு. நடுத்தெருவுல டிராம் நிக்குது, ஆளுங்க உக்காந்திருக்காங்க, சீக்கிரம்னாரு. ‘மனைவிக்கு உடம்பு சரியில்ல, தூங்கறா, மணி அடிக்காதீங்க, போன மாசம்தான் தனியா ஆள் வெச்சுப் பாத்தோம்’னாரு. சரின்னு விட்டுட்டேன்.”

வித்தோல்ட் சிவப்பு விளக்கைக்கூட மஞ்சளிலேயே மதிக்கிறவன். ஒரு நிமிடம் தாமதமானால் இரவு முழுக்க அதையே சொல்லி வருந்துகிறவன். அவன் டிராம் நிறையப் பயணிகளை நிறுத்திவிட்டு ஓடி வந்திருக்கிறான், அந்தத் தாளில் ஒரு கோடு போட.

“நான் வேலைக்குப் போயிருந்தேன்” என்றாள் செலினா. “போன மாசம் யாரும் வரலை.”

வலேரியா நாயின் காதைத் தடவத் தொடங்கினாள். யூலியான் அவளைப் பார்த்தார், பிறகு செலினாவின் வெளுத்த உதடுகளைப் பார்த்தார்.

“தலை வலிக்குதா அம்மா?”

“கொஞ்சம்.”

“வீட்ல இருந்தா மட்டுமா? வெளிய போனா விட்டுருதா?”

அவள் யோசித்தாள். பேக்கரியில் அடுப்புச் சூட்டில் நிற்கும்போது வலி இல்லை. அவள் பதில் சொல்வதற்குள் அவர் தலையை ஆட்டிவிட்டார்.

“ஏழு, ஒன்பது, பத்து பாத்துட்டு மூணே முக்காலுக்கு வரேன். அதுவரை பாய்லரைத் தொடாதீங்க.”

மூன்றாம் மாடி வீட்டில் அவள் மேலங்கியைக் கழற்றாமலே சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த வீடு அவளுக்குப் பிடிக்கும். அக்கா வீட்டின் பின்னறையில் பதினான்கு வருடம் வாடகைக்கு இருந்தவளுக்கு, உயரமான கூரையும், ஜன்னலோரத்தில் தக்காளி காய வைக்க இடமும், சமையலறையை ஒட்டியே சூடான குளியலறையும் அரண்மனைதான். சனிக்கிழமைதோறும் வித்தோல்ட் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, கையை விட்டுச் சூடு பார்த்து, துண்டை ரேடியேட்டர் மேல் போட்டுவிட்டு அவளைக் கூப்பிடுவான். ‘கதவை நல்லா சாத்திக்கோ செலின்கா, சூடு போயிடும்’ என்பான். அவள் அதைக் காதல் என்றே எடுத்துக்கொண்டாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

இப்போது குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே வெள்ளை ஓடுகள் மங்கலாகத் தெரிந்தன. யாரோ ஒற்றை நாசியால் மூச்சுவிடுவது போல மெல்லிய சத்தம் வந்தது. பாய்லரின் சிறு தீபம்தான். அது நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தது.

யூலியான் சொன்ன நேரத்துக்கு வந்தார். வெளியே அதற்குள் வெளிச்சம் வடியத் தொடங்கியிருந்தது. போன ஞாயிறுதான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியிருந்தார்கள், விஸ்துலா ஆற்றிலிருந்து எழுந்த பனி முற்றத்துக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. அவர் பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து, தொட்டிக்கு மேலே சுவரில் இருந்த வென்டிலேட்டரின் வெள்ளைச் சட்டத்தில் வைத்துக் கையை எடுத்தார். காற்று ஓட்டம் இருந்தால் தாள் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

தாள் தொட்டிக்குள் விழுந்தது.

சட்டத்தைக் கழற்றினார். பின்னால் நாளிதழை மடித்துச் செருகி, குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டியிருந்தது.

“இது ஊர் வியாதி” என்றார் அவர், டேப்பை உரித்தபடி. “குளிர் வருதுன்னு எல்லாரும் இதை அடைச்சுடுவாங்க. நான் வர அன்னிக்கு உரிச்சு வைப்பாங்க. நான் ஒரு மாடி இறங்கறதுக்குள்ள மறுபடி டேப் கிழியற சத்தம் கேக்கும். வலேரியா அம்மா உட்பட. விஷவாயு வெளிய போக வழியில்லாம, கதவைச் சாத்திக் குளிக்கறவங்க மேல...”

பேச்சு நின்றது. நாளிதழை இழுத்துவிட்டு அவர் கையை உள்ளே விட்டிருந்தார். விரல் முட்டியால் தட்டினார். கெட்டியான சத்தம்.

“செங்கல்” என்றார்.

கைவிளக்கை அடித்துக் காட்டினார். நாலு செங்கல், நேர்த்தியான பூச்சு, மூலையெல்லாம் விரலால் வழித்து மெழுகியிருந்தது. அவசரத்தில் செய்த வேலை இல்லை.

“டேப்பை ஆயிரம் வீட்ல பாத்திருக்கேன். இதைப் பாத்ததில்ல. பூச்சுக்கு ரெண்டு மூணு வருஷம் இருக்கும்.” அவர் தயங்கினார். “மொத மனைவி ரெஜினா அம்மா போனதுக்கு அப்புறம் வெச்சிருக்காரு. அதான் வருஷா வருஷம் ஏதாவது சொல்லி என்னைத் திருப்பி அனுப்பியிருக்காரு.”

“அவங்க ஆஸ்பத்திரியில போனாங்க” என்றாள் செலினா. “இதயம்.”

யூலியான் திரும்பவில்லை. “அப்படியா சொன்னாரு?”

“வேற எப்படி?”

“அம்மா, அன்னிக்குத் தீயணைப்பு வண்டி இந்த முற்றத்துலதான் நின்னுது. இந்தத் தொட்டியிலேர்ந்துதான் தூக்குனாங்க. வென்டிலேட்டர்ல டேப். பாய்லர் எரிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு.” குரல் தணிந்தது. “மாடியில எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம்.”

எல்லோருக்கும் தெரியும். வலேரியாவுக்குத் தெரியும். கல்யாணத்தன்று கேக் கொண்டுவந்து கன்னத்தில் முத்தமிட்டவளுக்கு. போன வாரம் கூட, ‘கல்லறைத் திருநாள் வருதே, உன் புருஷன் இந்த வருஷமும் ரெஜினாவுக்கு ஒரு விளக்குகூட வாங்கலையே’ என்று படியில் நின்று குறைப்பட்டுக்கொண்டவளுக்கு. செலினா தானே போய் ஒரு சாமந்தித் தொட்டி வாங்கி வந்திருந்தாள். அவன் அதைப் பார்த்துவிட்டு, ‘அங்க கொண்டு போய் என்ன ஆகப்போகுது’ என்றான். துக்கம் என்று நினைத்தாள்.

ஒரு மனைவி செத்த தொட்டி. அதே தொட்டியில் சனிக்கிழமைதோறும் தண்ணீர் நிரப்பி, சூடு பார்த்து, கதவைச் சாத்தச் சொன்னவன். பரிசோதனை நடக்காமல் இருக்க டிராமை நடுத்தெருவில் நிறுத்தியவன்.

என்னைக் கொல்லப் பார்க்கிறான் என்ற நினைப்பு சத்தமில்லாமல் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தது.

உளியும் சுத்தியலும் பத்து நிமிடம் வேலை செய்தன. செங்கற்கள் ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் இறங்கின. துளை திறந்ததும் ஒரு குளிர் வந்தது. ஜன்னலைத் திறந்தால் வரும் குளிர் இல்லை. நெடுநாள் மூடிக் கிடந்த பெட்டியைத் திறக்கும்போது முகத்தில் படுமே, அது. ஈரக் கரியின் வாடை. யூலியான் மறுபடி தாளை வைத்தார். தாள் ஒட்டவில்லை. விழவும் இல்லை. உள்ளிருந்து யாரோ ஊதியது போல அவர் தோளைத் தாண்டிப் பறந்தது.

“காத்து தப்பான பக்கம் வருது” என்று முணுமுணுத்தார். “மேல எங்கயோ அடைப்பு.”

கேஸ் குழாயை மூடி, கம்பி போட்டு முத்திரை வைத்தார். சமையலறை ஜன்னலை விரியத் திறந்தார்.

“இனி வாயு பயமில்ல. நான் கூரைக்குப் போய்க் கயித்துல குண்டை இறக்கி அடைப்பை உடைக்கணும். கூரை ஏணி அந்தப் பக்கத்து மாடிப்படியில இருக்கு, முற்றத்தைச் சுத்திப் போகணும். பத்து நிமிஷம். உங்களைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பேன், ஆனா எனக்குக் கீழ ஒரு குரல் வேணும். மேல பதினாலு துவாரம் வரிசையா இருக்கு. எது உங்களுதுன்னு கரிக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் ஒவ்வொண்ணா உள்ள கூப்பிடுவேன். உங்களுக்குக் கேட்டா பதில் குடுங்க. பதில் வர துவாரம் எதுவோ, அதுலதான் குண்டு இறங்கும். சரியா?”

“சரி” என்றாள்.

கதவு சாத்தப்பட்டது. படியில் அவர் பூட்ஸ் இறங்கும் சத்தம், ஒரு மாடி, இரண்டு மாடி, பிறகு கனமான வாசற்கதவு.

செலினா தொட்டிக்கு அருகில் நின்றாள். குளியலறை விளக்கின் மஞ்சள் வெளிச்சம் துளையின் விளிம்போடு நின்றுவிட்டது. உள்ளே ஒரு கை நீளத்துக்கு அப்பால் ஒன்றும் இல்லை. வீடு தன் சத்தங்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தது. ஆறுகிற ரேடியேட்டர்களின் சொடுக்கு, குளிர்சாதனப் பெட்டியின் இருமல், முற்றத்தில் எங்கோ குப்பைத்தொட்டி மூடி, திறந்த ஜன்னல் வழியே திரைச்சீலை சுவரில் உரசுவது. அக்காவுக்குப் போன் செய்ய வேண்டும். பெட்டியைக் கட்ட வேண்டும். அவன் ஆறு மணிக்கு வருவதற்குள். இரண்டு ஸ்வெட்டர், குளிர் பூட்ஸ், பாஸ்புக், அம்மாவின் போட்டோ. மற்றது அப்புறம். கேட்டால் என்ன சொல்வான்? ஒன்றும் சொல்ல மாட்டான். அழுவான். அவன் அழுதால் அவளுக்குத் தாங்காது. அதனால்தான் அவன் வருவதற்குள்.

“செலினா...”

மிக உயரத்திலிருந்து, ஒரு கிணற்றைத் தரைக்கு மேலே எழுப்பி நிறுத்தியது போன்ற தொலைவிலிருந்து வந்தது. ஆண் குரலா பெண் குரலா என்று பிரிக்க முடியாதபடி செங்கல் அதைத் தேய்த்திருந்தது.

“இங்கதான்” என்று துளைக்குள் வாயை வைத்துக் கத்தினாள். “கேக்குது.”

கரி உதிரும் சத்தம், மெலிதாக. எதுவோ சுவரில் உரசியபடி இறங்கியது. குண்டு. நின்று, இறங்கி, நின்று.

“செலினா... அங்கேயே இருக்கீங்களா?”

“இருக்கேன். இது சரியான துவாரம்தான். இறக்குங்க.”

“பேசிக்கிட்டே இருங்க.”

“என்ன பேசறது?” அவளுக்கே சிரிப்பு வந்தது. “நான் இங்க இருக்கேன். கேக்குதா? இங்க இருக்கேன்.”

உரசல் வேகமெடுத்தது. ஒரு துண்டுக் கரி தொட்டிக்குள் வந்து விழுந்து பொடிந்தது. அவள் பின்வாங்கினாள், குண்டு வந்து விழுந்தால் தண்ணீர்க்குழாயில் படப்போகிறதே என்று.

“தனியாவா இருக்கே?”

“ஆமா” என்று சொல்லி முடித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. குண்டு இறங்கினால் உரசல் கிட்டே வரும். கூரையில் நிற்பவரின் குரல் கிட்டே வராது.

குரலும் கிட்டே வந்திருந்தது.

அவள் சமையலறைக்கு வந்தாள். ஓடவில்லை, ஓடினால் அதற்குத் தெரிந்துவிடும் என்று கால்கள் நினைத்தன. ஜன்னலில் கையை ஊன்றி, கூரைப் பக்கம் பார்க்க உடலைச் சாய்த்தாள். பார்வை கீழே நின்றுவிட்டது.

முற்றத்து விளக்கின் கீழே யூலியான் நின்றிருந்தார். தோளில் கயிற்றுச் சுருள். அதன் நுனியில் இரும்புக் குண்டு, அவர் இடுப்புக்குப் பக்கத்தில், அசையாமல்.

எதிரே டிராம் யூனிஃபார்மில் வித்தோல்ட். ஆறு மணிக்கு வர வேண்டியவன். யூலியானின் தாளைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

பின்னால், குளியலறைக்குள், உரசல்.

“மேல வாங்க!” அவள் கத்தினாள். “யூலியான் சார், மேல வாங்க. உள்ள ஏதோ இருக்கு. ஏதோ இறங்குது.”

இருவரும் நிமிர்ந்தார்கள். வித்தோல்ட் அவரிடம் ஏதோ சொன்னான். அவர் தோளில் கை வைத்தான். சொல்லச் சொல்ல யூலியானின் முகம் மாறுவது மூன்று மாடி உயரத்திலிருந்தும் தெரிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அடுத்தவர் நோயாளியைப் பார்க்கும் முகம். அவர் அவளுக்கு மெதுவாகக் கையை உயர்த்திக் காட்டினார்.

“ஒண்ணுமில்லம்மா. கேஸ் மூடியாச்சு. பாவம், விஷவாயு தலைக்கு ஏறியிருக்கு, அதான் அப்படித் தோணும். உங்க வீட்டுக்காரர் வந்துட்டாரு. நாளைக்குக் காலையில கூரையைப் பாக்கறேன்.”

“போகாதீங்க.”

போய்விட்டார். வாசல் வளைவின் இருட்டில் குண்டு ஒருமுறை மின்னி மறைந்தது.

வித்தோல்ட் நகரவில்லை. அண்ணாந்து பார்த்தபடி நின்றான். அவளை அல்ல. அவளுக்குப் பின்னால், சமையலறைக்குள், எதையோ தேடும் பார்வை. பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படியை நோக்கி நடந்தான்.

அவன் காலடிகள். அவளை ஏமாற்றியவனின் காலடிகள். ஆனாலும் அவை படியில் ஏறி வரும் சத்தம் கேட்டபோது நெஞ்சு அவனிடமே ஓடியது. அவமானமாக இருந்தது, ஆனாலும் ஓடியது. அவள் நடைக்கூடத்துக்கு வந்து கதவுப் பிடியைப் பற்றினாள்.

“வித்தெக். கதவைத் திற. சீக்கிரம்.”

சாவி நுழைந்தது. திரும்பியது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. கதவு திறக்கவில்லை. அது மேல் பூட்டு. உள்ளிருந்து திறக்க முடியாதது.

“வித்தெக்?”

மறுபக்கம் அவன் மூச்சு வாங்கினான். மரத்தில் நெற்றியை வைத்திருக்க வேண்டும். குரல் அவள் காதோரமாகவே வந்தது.

“அந்தத் துளையை நான் திறக்கலை செலின்கா. சத்தியமா. சுவருக்குள்ளேர்ந்து அவ கேட்டுக்கிட்டே இருந்தா, எப்ப, எப்பன்னு. உன்னைக் கூட்டிட்டு வந்தது அதுக்குத்தான். ஆனா என்னால முடியலை. ஒரு வருஷமா தள்ளிப் போட்டேன். இன்னிக்குக் காலையிலகூட அந்தாளைத் தடுத்துட்டேன். உனக்காகத்தான்.” அவன் அழுதான். “நீயேதான் திறந்துட்டே.”

“கதவைத் திற. நாம போயிடலாம். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

சாவி பூட்டில் மெல்லக் குலுங்கியது. அவன் தேர்ந்தெடுக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. சனிக்கிழமைகள், ரேடியேட்டர் மேல் துண்டு, கையை விட்டுப் பார்த்த சூடு. எல்லாம் ஒரு தட்டில். மூன்று மாடிக்குக் கீழே, முற்றத்தில் தொப்பியைக் கழற்றிய போதே தராசு சாய்ந்துவிட்டிருந்தது.

“கொஞ்ச நேரந்தான்” என்றான். “பயப்படாதே. வலிக்காதுன்னு சொன்னா.”

குளியலறையில் உரசல் நின்றது.

கரி கொட்டியது. சிறிதாக அல்ல. ஒரு கூடை கவிழ்ந்தது போல. பிறகு தொட்டியின் எனாமலில் ஒரு வெறுங்கால். இன்னொன்று.

ஈரக் கரியின் வாடை. அதற்கு அடியில் சோப்பு. நல்ல, பெண்கள் குளிக்கும் சோப்பு.

சமையலறை ஜன்னல் சாத்தப்பட்டது. கொண்டி விழுந்தது. பொறுமையாக. சூடு போய்விடாமல் இருக்க.

“குளிருதுன்னு சொன்னேன்” என்றது குரல். இப்போது அதில் எதிரொலி இல்லை. ஒரு பெண். களைத்த, கிட்டத்தட்ட அன்பான குரல். “ஒட்டினான். டேப் கிழியற சத்தம் கேட்டுக்கிட்டே குளிச்சேன். அப்புறம் அழுதான். அவன் அழுதா நமக்குத் தாங்காதில்ல?”

செலினா கதவைத் தட்டினாள். கீழே நாய் குரைத்தது. வலேரியாவின் கதவு திறந்தது. உடனே மூடியது.

நடைக்கூட விளக்கு அணைந்தது.

ஓடுகளில் காலடி. மரத்தரையில் காலடி. இருட்டிலும் நாற்காலியில் இடிக்காமல், கம்பளத்தின் மடிப்பில் தடுக்காமல். வீடு தெரிந்த காலடி.

அவள் முதுகு கதவில். போக இடமில்லை.

ஈரமான உள்ளங்கை. முதலில் நெற்றியில், காய்ச்சல் பார்ப்பது போல. பிறகு கண் மேல். பிறகு வாயில்.

கரி இனித்தது. அதுதான் அவள் கடைசியாகத் தானே அறிந்த ருசி. மூச்சை இழுக்கக் கூடாது என்று நினைத்தாள். மூச்சு தானாக உள்ளே போனது. அது போய்க்கொண்டே இருந்தது. நெஞ்சுக்கு அப்பால். தோள்களுக்குள், விரல் நுனிக்குள், ஒருத்தி கையுறை மாட்டிக்கொள்வது போல.

தலைவலி நின்றுவிட்டது.

“ரெஜின்கா?” என்றான் வித்தோல்ட், கதவுக்கு வெளியே. சிறு பையனைப் போல. “வந்துட்டியா?”

“வந்துட்டேன் வித்தெக்” என்றது செலினாவின் வாய். செலினா அதைக் கேட்டாள்.

சாவி இரண்டு சுற்று திரும்பியது. மாடிப்படி வெளிச்சம் உள்ளே விழுந்தது. அவன் முகம். பதினோரு மாதங்களில் ஒரு நாள்கூட, பதிவு அலுவலகத்தில்கூட, அவளைப் பார்த்து அந்த முகம் அப்படி மலர்ந்ததில்லை. அவன் வாசற்படியிலேயே மண்டியிட்டான். கரி அப்பிய அவள் கையை எடுத்தான். முத்தமிட்டான். ஒவ்வொரு விரலாக. உதடு கறுத்தது.

இழுத்துக்கொள், என்றாள் செலினா. இழு.

கை கேட்கவில்லை. அது அவன் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தது, மெதுவாக, அந்தத் தலையை நெடுங்காலமாக அறிந்த கையாக.